வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஊர் மைதானத்தில் இடமில்லையா?



அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. நீதிமன்றங்களில் மட்டுமல்ல, மாகாணச் சட்டமன்றங்களிலும் பள்ளி நிர்வாகக் குழுக்களிலும் அது ஓயாமல் பேசப்படுகிறது. பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை மாலையில் அரசுப் பள்ளியின் விளையாட்டு அணியில் சேர்ந்து ஆடலாமா, கூடாதா? இதுதான் வழக்கு.

"அமெரிக்காக்காரன் பிள்ளை பந்து ஆடினால் நமக்கென்ன, ஆடாவிட்டால் நமக்கென்ன?" என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அந்தப் பிள்ளைகளில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் ஊர்களிலிருந்து பிழைக்கப் போய் அங்கேயே குடியேறிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த நாட்டில்தான் வளர்கிறார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தன் மார்க்கத்தைக் காப்பதற்காகக் கொஞ்சம் ஒதுங்கி வாழ்பவன், ஊரின் பொதுச் சொத்தில் பங்கு கேட்கலாமா என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. இது உலகமெங்கும் சிறுபான்மையாக வாழும் நம் ஒவ்வொருவர் வாசலிலும் நிற்கிற கேள்வி.

வீட்டுக் கல்வி வந்த வரலாறு

பிள்ளைகள் அனைவரும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று 1922-ல் ஓரிகன் மாகாணம் ஒரு சட்டம் போட்டது. கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளிகளை ஒழித்துக் கட்டுவதுதான் அதன் பின்னாலிருந்த எண்ணம். நிறவெறிக் கும்பலான கூ குளுக்ஸ் கிளான் அதை ஆதரித்து நின்றது. 1925-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு கூறியது. பின்னர் 1972-ல், ஆமிஷ் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கு அனுப்ப மறுத்த வழக்கிலும் மத சுதந்திரத்தின் பக்கமே அந்த நீதிமன்றம் நின்றது.

1993 வாக்கில் 50 மாகாணங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது. 1999-ல் சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். 2019-ல் அந்த எண்ணிக்கை சுமார் 15 லட்சம். கொரோனா பரவிய 2020-ன் இலையுதிர் காலத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் 11.1 சதவீதம் வீட்டுக் கல்வி நடத்துவதாக அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வு கூறியது.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். தங்கள் மதத்தில் பற்றுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள்தாம் இந்த இயக்கத்தை வளர்த்தன. பள்ளியின் ஒழுக்கச் சூழல் சரியில்லை, போதைப் பழக்கம் இருக்கிறது, பிள்ளை கேலிக்கும் அடிக்கும் ஆளாகிறது என்பவை அவர்கள் கூறும் காரணங்கள். அதே காரணங்களோடு ஹிஜாப், தொழுகை, குர்ஆன் மனனம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு முஸ்லிம் குடும்பங்களும் இந்த வழிக்கு வந்தன.

பள்ளி அணிக்கு ஏன் இத்தனை போட்டி?

நம் நாட்டில் ஒரு பையனுக்குக் கிரிக்கெட் ஆசை இருந்தால் தெருமுனையில் ஆடுவான், அல்லது ஒரு கிளப்பில் சேருவான். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே விளையாட்டு பள்ளிக்கூடத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மைதானம், பயிற்சியாளர், வண்டி, சீருடை, மாவட்டப் போட்டி, மாகாணப் போட்டி எல்லாமே பள்ளி வழியாகத்தான். வெள்ளிக்கிழமை இரவு பள்ளி அணி ஆடுகிறது என்றால் சிறிய ஊர்களில் ஊரே திரண்டு வந்துவிடும். கல்லூரிகள் விளையாட்டுக்காகக் கொடுக்கும் உதவித்தொகையும் பெரும்பாலும் இந்தப் பள்ளி அணிகளைப் பார்த்தே வழங்கப்படுகிறது. ஆகவே பள்ளி அணியின் கதவு மூடப்பட்டால் பல விளையாட்டுகளில் வேறு கதவு இல்லை.

வசதியுள்ள பெரிய நகரங்களில் கிறிஸ்தவ வீட்டுக் கல்விக் குடும்பங்கள் தங்களுக்கென்று தனி அணிகளையும் தனிப் போட்டிகளையும் நடத்திக்கொள்கின்றன. பத்து முஸ்லிம் குடும்பங்கள் மட்டுமே உள்ள ஓர் ஊரில் அது நடக்குமா? ஒரு கால்பந்து அணிக்கே 11 பேர் வேண்டுமே!

ஒரு பாதிரியார் குடும்பத்துப் பையன்

இந்த வழக்கில் அடிக்கடி உச்சரிக்கப்படும் பெயர் டிம் டீபோ. கிறிஸ்தவ மதப் பிரச்சாரத்திற்காகப் பிலிப்பைன்ஸ் சென்ற பெற்றோருக்கு 1987-ல் அங்கேயே பிறந்தவர். புளோரிடா மாகாணத்தில் தாயிடம் வீட்டிலேயே பாடம் படித்தார். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் அரசுப் பள்ளி அணிகளில் ஆடலாம் என்று 1996-லேயே புளோரிடா சட்டம் இயற்றியிருந்தது. அந்தச் சட்டத்தின் துணையால் அவர் நீஸ் உயர்நிலைப் பள்ளிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடினார். 2005-ல் அந்த அணி மாகாணக் கோப்பையை வென்றது. கல்லூரிக்குச் சென்றவர் 2007-ல் அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த கல்லூரி விருதான ஹெய்ஸ்மன் கோப்பையைப் பெற்றார். அதன் பிறகு பல மாகாணங்களில் இத்தகைய சட்டங்களுக்கு 'டிம் டீபோ சட்டம்' என்றே பெயர் வந்துவிட்டது.

எல்லா மாகாணங்களும் இதை ஏற்கவில்லை. நீதிமன்றங்களும் கை கொடுக்கவில்லை. பள்ளி அணியில் ஆடுவது ஒரு சலுகையே தவிர அரசியல் சட்டம் தந்த உரிமை அல்ல என்பதுதான் பல தீர்ப்புகளின் சாரம். மேற்கு வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் 2005-ல் வீட்டுக் கல்விப் பிள்ளைகளுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வர்ஜீனியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மெக்காலிஃப் 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ரத்து செய்தார். ஜார்ஜியா 2021-ல் இயற்றிய சட்டம், அந்தப் பள்ளியின் வழியாகக் குறைந்தது ஒரு பாடமாவது படித்தால் ஆடலாம் என்றது. டெக்சாஸ் அதே ஆண்டில் இயற்றிய சட்டம், விரும்புகிற பள்ளி மாவட்டங்கள் அனுமதித்துக் கொள்ளட்டும் என்றது.

எதிர்ப்பவர்களின் வாதங்கள்

ஒரு பிரச்சினையில் எதிர்த் தரப்பின் வாதத்தை முழுமையாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முஸ்லிமுக்கு அழகல்ல. அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "பள்ளி வேண்டாம் என்று நீங்கள்தானே போனீர்கள்? வகுப்பு வேண்டாம், வாத்தியார் வேண்டாம், கோப்பை மட்டும் வேண்டுமா?"

இது காரமான கேள்வி. இதற்கு வீட்டுக் கல்விப் பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் பதில், "நாங்களும் வரி கட்டுகிறோமே!" என்பதாகும். சகோதரர்களே! இந்தப் பதில் வலுவில்லாதது. வியாபாரிகளாகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். வரி என்பது விலை அல்ல. கல்லாவில் காசைப் போட்டுவிட்டுச் சாமானை எடுத்துச் செல்வது போல, வரியைக் கட்டிவிட்டு இன்னின்னது எனக்கு வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. பிள்ளையே இல்லாதவரும் பள்ளிக்காக வரி கட்டுகிறார். அவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது? படித்த தலைமுறை உள்ள ஒரு நாடு கிடைக்கிறது. அவ்வளவுதான்.

சரியான பதில் வேறு. பள்ளி யாருடையது? தலைமை ஆசிரியருடையதா? அங்கே பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை. அது அந்த வட்டாரத்தின் சொத்து. வகுப்பறைக்கு ஒரு பிள்ளை வரவில்லை என்பதால் அந்த வட்டாரத்தின் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. ஊர்ப் பொதுக் குளத்தில் குளிக்காமல் வீட்டுக் கிணற்றில் குளிப்பவன், குளத்தங்கரைப் பாதையில் நடக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்களா? பள்ளியின் ஒரு பகுதி தன் மார்க்கத்திற்கு ஒத்துவரவில்லை என்று ஒதுங்கியவனை, எல்லாப் பகுதியிலிருந்தும் ஒதுக்குவது தண்டனையாகத்தான் முடியும். மனசாட்சிப்படி நடந்ததற்குத் தண்டனையா?

இரண்டாவது வாதம்: "பள்ளியில் படிக்கிறவன் ஒரு பாடத்தில் தோற்றாலும் அணியிலிருந்து நிறுத்தப்படுகிறான். வீட்டில் படிக்கிறவனுக்கு மார்க் போடுவது அவன் தாய்!"

இது நியாயமான வாதம். 1984-ல் டெக்சாஸ் மாகாணம் 'தேர்ச்சி இல்லையேல் ஆட்டம் இல்லை' என்ற விதியையே சட்டமாக்கியது. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு இரவெல்லாம் கண்விழித்துக் கணக்குப் பாடம் படித்துவிட்டு வருகிற பையன் பக்கத்தில், எந்தச் சோதனையும் இல்லாமல் ஒருவன் வந்து நின்றால் மனம் குமுறத்தானே செய்யும்? ஆகவே வீட்டில் படிக்கும் பிள்ளையும் வெளியார் நடத்தும் தேர்வை எழுதித் தன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். புளோரிடா சட்டமும் கல்வி முன்னேற்றத்திற்கு ஆதாரம் கேட்கிறது. இதைக் கெடுபிடி என்று குறை சொல்லக் கூடாது. நம் பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்பதை ஊருக்குக் காட்ட இது ஒரு வாய்ப்பும்கூட.

மூன்றாவது வாதம்: "வெளியிலிருந்து ஒருவன் வந்தால் உள்ளே இருக்கிற ஒருவன் இடம் போகிறதே!"

ஓட்டப் பந்தயம் போன்றவற்றில் இந்தப் பிரச்சினை பெரிதாக எழுவதில்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் பயிற்சிக்கு ஓடலாம். கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் எழும். பன்னிரண்டு, பதினைந்து பேருக்குத்தான் இடம். ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போகத்தான் வேண்டும். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பக்கத்து ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்து நேற்றுப் பள்ளியில் சேர்ந்த பையனாலும் இதேதான் நடக்கிறது. அவனை யாரும் தடுப்பதில்லை. திறமைப்படி தேர்வு என்பது விதியானால் அது எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும்.

நான்காவது வாதம்: "நல்ல அணி எங்கே இருக்கிறதோ அங்கே தாவுவார்கள்."

டீபோவே இதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறார். அவர் குடும்பத்தின் பண்ணை ஜாக்சன்வில்லில் இருந்தது. தான் விரும்பிய நிலையில் ஆடுவதற்காகத் தாயோடு அடுத்த மாவட்டத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபோய்த்தான் நீஸ் பள்ளியில் சேர்ந்தார். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே குடியிருக்கும் வட்டாரத்துப் பள்ளிக்கு மட்டுமே ஆடலாம் என்ற நிபந்தனை கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது வாதம் பணம். அங்கே மாகாண அரசு பள்ளிக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளை அந்தக் கணக்கில் வராது. ஆனால் அவனுக்கும் சீருடை வேண்டும், பயணச் செலவு உண்டு. இதற்கு மாகாணமே வழி செய்து கொடுக்க வேண்டும். மற்ற மாணவர்களிடம் வாங்கும் விளையாட்டுக் கட்டணத்தை இவர்களும் முகம் சுளிக்காமல் கட்ட வேண்டும். உரிமை கேட்கும்போது முன்வரிசையிலும் செலவு வரும்போது பின்வரிசையிலும் நிற்பது நம் பண்பாக இருக்கக் கூடாது.

நம்மவர்கள் கேட்கும் கேள்வி

இவை வெளியார் எழுப்பும் வாதங்கள். நமக்குள்ளேயே ஒரு சாரார் கேட்கிறார்கள்: "பள்ளிச் சூழல் கெட்டது என்றுதானே பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள்? பிறகு மாலையில் அங்கேயே கொண்டு போய் விடுவதற்கு என்ன அர்த்தம்? அரைகுறை ஆடையும் ஆட்டமும் பாட்டமும் அங்கேதானே அதிகம்?"

இந்தச் சகோதரர்களின் கவலை போலியானதல்ல. ஆனால் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த வழியைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஒரு தூரம், பயிற்சி பெறாதவற்றுக்கு வேறு தூரம் என்று எல்லையைப் பிரித்து வைத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அதைக் காட்டினார்கள். அந்த அன்னையோடு ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள்.

இன்னொரு சம்பவம் நம் விஷயத்திற்கு மிகப் பொருத்தமானது. அஸ்லம் குலத்தார் இரு பிரிவாகப் பிரிந்து அம்பெய்யும் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் ஊக்கமூட்டிவிட்டு, தாம் ஒரு பிரிவாரோடு இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறு பிரிவார் எய்வதை நிறுத்திவிட்டார்கள். அல்லாஹ்வின் தூதர் எதிரணியில் இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்று கேட்டார்கள். அப்போது, எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். புகாரியில் இடம்பெற்ற ஹதீஸ் இது. விளையாட்டில் அணி உண்டு. அணி இருப்பதால் யாரும் விலக்கப்பட்டவராகிவிடக் கூடாது என்ற பாடமும் அதில் உண்டு.

ஆகவே மைதானத்தை ஹராமாக்காதீர்கள். மைதானத்தில் ஹராம் நுழையும் இடத்தை அடைத்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் பெண்கள் அணியில், மார்க்கம் கூறும் ஆடையோடு ஆடட்டும். மஃரிபு நேரம் வந்தால் ஐந்து நிமிடம் ஒதுங்கித் தொழட்டும். ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு ஆட முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஹக்கீம் ஒலாஜுவானைக் காட்டுங்கள். 1995-ன் ரமளானில் நோன்போடு கூடைப்பந்து ஆடி, அந்த பிப்ரவரி மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்! பிள்ளையின் ஈமான் உறுதியாக இருந்தால் அணி அவனைக் கெடுக்காது. பகல் முழுதும் பெற்றோர் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளைக்கு மாலை இரண்டு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளோடு பழகுவதால் நஷ்டத்தை விட லாபமே அதிகம். முஸ்லிம் என்றால் யார் என்று தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த ஓர் ஊர், அவனோடு தோள் உரசி ஆடும்போது நேரில் தெரிந்துகொள்கிறது. இதைவிடச் சிறந்த தஃவா என்ன இருக்கிறது?

நியூ ஜெர்சியைச் சேர்ந்த இப்திஹாஜ் முஹம்மத் என்ற சகோதரியின் வரலாறு தெரிந்ததே. உடலை முழுதும் மூடிய உடையோடு பிள்ளைகள் வாள்வீச்சு பழகுவதைத் தாயோடு காரில் போகும்போது பார்த்தார். அது ஓர் அரசுப் பள்ளி. அந்தப் பள்ளி அணியில் ஆடத் தொடங்கியவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபோடு அமெரிக்காவுக்காகக் களமிறங்கி, குழுப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

ஒஹையோ தந்த பாடம்

இப்போது இந்த வழக்கில் நமக்கு மிக நெருக்கமான சம்பவத்திற்கு வருவோம்.

ஒஹையோ மாகாணம் 2013-ல் சட்டம் இயற்றியது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் வட்டார அரசுப் பள்ளியின் அணியில் ஆடலாம். தனியார் பள்ளியில் படிப்பவர்களும், தங்கள் பள்ளியில் அந்த விளையாட்டு இல்லையென்றால் ஆடலாம். இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்த கதவுதானே! டோலிடோ நகரின் இஸ்லாமியப் பள்ளியில் படித்த நூர் அபுகரம் என்ற 16 வயது மாணவி, சில்வேனியா நார்த்வியூ என்ற அரசுப் பள்ளியின் நெடுந்தூர ஓட்ட அணியில் சேர்ந்து ஓடினார்.

2019 அக்டோபரில் மாவட்டப் போட்டி. ஹிஜாபுடன் ஓடினார். நல்ல நேரத்தில் ஓடி முடித்தார். முடிவுப் பட்டியலைப் பார்த்தால் அவர் பெயரே இல்லை! மத ரீதியான தலை உடைக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் விலக்கு வாங்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அதற்கு முன் பல போட்டிகளில் அதே ஹிஜாபோடு ஓடியவர்தான் அவர்.

அந்தச் சகோதரி வீட்டில் அழுதுகொண்டு உட்காரவில்லை. பகிரங்கமாகப் பேசினார். சட்டமன்றக் குழுவின் முன் போய்ச் சாட்சியம் சொன்னார். 2022-ல் ஒஹையோவில் புதிய சட்டம் வந்தது. மத நம்பிக்கைக்காக அணியும் ஆடைக்கு மாணவர்கள் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று அது கூறியது. ஹிஜாபுக்கு மட்டுமல்ல, சீக்கியரின் தலைப்பாகைக்கும் யூதரின் குல்லாவுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அடுத்தவர் தன் மதத்திற்காகப் பெற்ற நியாயம் நமக்கும் பயன்பட்டது. நாம் நம் மார்க்கத்திற்காகப் பெற்ற நியாயம் அடுத்தவருக்கும் பயன்பட்டது. நியாயம் என்பது இப்படித்தான் இருக்கும். எனக்கு மட்டும் என்று கேட்டால் அது சலுகை. எல்லோருக்கும் என்று கேட்டால்தான் அது நீதி.

"பாதிரியார்களின் பிள்ளைகளுக்காக வந்த சட்டத்தை நாம் ஏன் ஆதரிக்க வேண்டும்?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஹில்ஃபுல் ஃபுளூலை நினைவூட்டுகிறேன். யமன் தேசத்திலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் மக்காவின் முக்கியப் புள்ளி ஒருவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் குறைஷிகள் சிலர் ஒப்பந்தம் செய்தார்கள். நபித்துவத்திற்கு முன்பு அதில் கலந்துகொண்ட நம் தலைவர் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய ஒப்பந்தத்திற்கு அழைத்தால் தாம் வரத் தயார் என்று கூறினார்கள். அவர்கள் எல்லோரும் முஸ்லிம்களா? இல்லை. நீதிக்கான அழைப்பு எங்கிருந்து வந்தாலும் பதிலளிப்பதே நபிவழி.

அதே நேரத்தில் அந்தக் கிறிஸ்தவ நண்பர்களிடமும் நாம் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. மத உரிமை என்று சொல்லி உங்கள் பிள்ளைக்கு அணியில் இடம் கேட்கிறீர்கள். நாங்களும் உங்களோடு நிற்கிறோம். நாளை எங்கள் பிள்ளை ஹிஜாபோடு வந்து நிற்கும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்? உதட்டில் மத சுதந்திரம், உள்ளத்தில் வெறுப்பு என்றால் அதற்குப் பெயர் வேறு.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன வழி?

அமெரிக்காவை இங்கே நிறுத்திவிட்டு நம் வீட்டு வாசலுக்கு வருவோம். இங்கேயும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஹிஃப்ளு மத்ரஸாவில் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு இருந்து குர்ஆனை மனனம் செய்துவிட்டு, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராகவோ தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ எழுதுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாம் பள்ளியின் பெயரில் நடக்கின்றன. பள்ளி இல்லாத பிள்ளைக்குப் போட்டி இல்லை. 2012-ல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது மத்ரஸாக்கள் அந்தச் சட்டத்திற்கு வெளியே வைக்கப்பட்டன. அதைக் கேட்டுப் பெற்றவர்கள் நாம். அதனால் வெளியே நிற்கும் பிள்ளைக்கு மாற்று வழி செய்து தரும் பொறுப்பும் நம்முடையதே.

மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் அஸருக்குப் பிறகு வரும் அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். எத்தனை மத்ரஸாக்களில் அந்த ஒரு மணி நேரத்திற்கு ஓர் இடம் இருக்கிறது? மொட்டை மாடியிலும் சந்திலும்தானே நம் பிள்ளைகள் பந்தை உதைக்கிறார்கள்? மினாராவுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் ஜமாஅத்துகள் ஒரு மைதானத்தைப் பற்றி யோசித்ததுண்டா?

செய்ய வேண்டியவை கஷ்டமானவை அல்ல. பக்கத்து அரசுப் பள்ளியின் மைதானத்தை, பள்ளி விட்ட பிறகு மத்ரஸாப் பிள்ளைகளும் பயன்படுத்த அனுமதி கேட்டு முறைப்படி மனுக் கொடுங்கள். கேட்பதோடு நின்றுவிடாமல் அந்த மைதானத்தைச் சமன்படுத்தவும் தண்ணீர்த் தொட்டி கட்டவும் வியாபாரிகள் முன்வாருங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் அது பயன்படட்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளிப் பிரிவு தனியாகவும் பொதுப் பிரிவு தனியாகவும் நடத்தப்பட்டு வந்துள்ளன. பொதுப் பிரிவில் 15 வயது முதல் கலந்துகொள்ள வழி இருந்திருக்கிறது. நம் ஹாஃபிழ்களில் எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள்? இளைஞர்களே, அடுத்த அறிவிப்பு வரும்போது உங்கள் மஹல்லாவின் மத்ரஸாவுக்குப் போய் அந்தத் தகவலைச் சொல்லுங்கள். பள்ளியில் படிக்காத பிள்ளைகளும் வட்டார அளவில் வயதுப்படி கலந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்று அரசிடம் கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் மத்ரஸாப் பிள்ளையை மட்டும் சேர்க்காதீர்கள். வேத பாடசாலையில் படிப்பவனையும், குடும்பக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கும் ஹோட்டலுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே தனித்தேர்வு எழுதும் ஏழைப் பையனையும் சேர்த்துக் கேளுங்கள்.

நம் முடிவு

அமெரிக்க வழக்கில் நம் நிலைப்பாடு இதுதான். வீட்டில் படிக்கும் பிள்ளை வட்டார அரசுப் பள்ளி அணியில் ஆட வேண்டும். அதற்கு ஈடாக வெளித்தேர்வு எழுத வேண்டும். குடியிருக்கும் வட்டாரத்தை மாற்றிக்கொண்டு அலையக் கூடாது. மற்றவர்கள் கட்டும் கட்டணத்தைக் கட்ட வேண்டும். பயிற்சியாளரின் ஒழுங்குக்கு, மார்க்கத்திற்கு முரணில்லாத எல்லாவற்றிலும், கட்டுப்பட வேண்டும். கடைசியாக ஒன்று. எந்தப் பள்ளியின் சீருடையைப் போட்டுக்கொள்கிறாயோ அந்தப் பள்ளியை இழிவாகப் பேசாதே. அந்தப் பள்ளிக்கு நிதி ஒதுக்கும் வாக்கெடுப்பு வந்தால், பெற்றோர் அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும். ஒதுங்கி வாழ உரிமை உண்டு. ஊரை வெறுக்க உரிமை இல்லை.

பலமுள்ள முஃமினை அல்லாஹ் அதிகம் நேசிக்கிறான் என்று நபிமொழி கூறுகிறது. அந்தப் பலம் உள்ளத்திலும் வேண்டும், உடலிலும் வேண்டும். நெஞ்சில் குர்ஆனைச் சுமக்கும் பிள்ளை ஓடுவதற்கு ஒரு மைதானம் இல்லாமல் சந்தில் நிற்கலாகாது.

நம் பிள்ளைகளை ஈமானிலும் உடல் வலிமையிலும் நற்குணத்திலும் சிறந்தவர்களாக வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! நமக்கு நாம் கேட்கும் நீதியைப் பிறருக்கும் கேட்கும் மனதைத் தருவானாக! ஆமீன்.